நகரத்து வண்டல்

மூலக்குளத்தில் என் மாமன் வீட்டு வாசலில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அது வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அத்தை சொன்னாள். தோட்டத்துக்கு வந்த பொருளை வாசற்படிக்குள் யார் கொண்டு வரப் போகிறார்கள் என்று மாமன் மகன் சொன்னான். சென்ற தை மாதத்தில், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், இந்த வழக்கின் நடுவில்தான் நான் போய் இறங்கினேன்.

மூட்டைக்குள் இருந்தது கறுப்பான ஒரு பொடி. கையில் எடுத்தால் உதிர்ந்தது. வற்றிய ஏரியின் அடிமண்ணைப் போல ஒரு மெல்லிய வாசனை. அதற்கு மேல் அருவருப்பதற்கு ஒன்றுமில்லை. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் ஏதோ ஒரு நிலையத்தில் அடியில் தங்கிய கசடு அது. காய வைத்தது. தென்னைக்கு நல்லது என்று சொல்லி, ஏற்றுக்கூலி மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போயிருந்தார். எந்த நிலையம், எந்த ஊர்ச் சாக்கடை என்று சொல்ல மூட்டை மேல் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

"அத்தான், நீங்களே சொல்லுங்க. சாணி எருவைவிட இதிலே சத்து அதிகமாம்" என்றான் அவன்.

"சத்து இருக்கட்டும்டா. அந்த மரத்து இளநீரைத்தானே சாமிக்கு வைக்கணும்? தம்பி, நீ எழுதுகிறவனாச்சே, நீ ஒரு நியாயம் சொல்லு" என்றாள் அத்தை. எண்பத்தைந்து வயதிலும் அவள் குரலில் தளர்ச்சியில்லை.

அன்று நான் நியாயம் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு மழுப்பிவிட்டேன். ஊர் திரும்பிய பிறகு அந்த மூட்டை என்னை விடவில்லை. அதன் சரித்திரம் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லி, கடைசியில் என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைப் படிப்பதா என்று மூக்கைச் சுளிக்கிற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூக்கைச் சுளித்ததனால் வந்த கேட்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

மூலக்குளம் இன்று புதுச்சேரி நகரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்ட ஊர். வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டினால் வந்துவிடும். அது சேர்ந்திருக்கும் நகராட்சிக்கு உழவர்கரை என்று பெயர். உழவரும் குறைந்துவிட்டார்கள், கரையும் கண்ணில் படுவதில்லை. பெயர் மட்டும் பழைய பத்திரம் போல இருக்கிறது. மாமனின் நஞ்சை இருந்த இடத்தில் இப்போது மூன்று தெருக்கள். மிச்சம், வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தென்னை மரங்கள்.

1960களின் நடுவில் நான் பள்ளி விடுமுறைக்கு அங்கே போவேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சியை ஒப்படைத்து, 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியான இணைப்பும் முடிந்துவிட்ட காலம். ஆனாலும் மாமன் நகராட்சி அலுவலகத்தை 'மேரி' என்றுதான் சொல்லுவார். கோடையில் ஏரி வற்றியதும் அவருக்கு ஒரு வேகம் வந்துவிடும். வண்டி வண்டியாக வண்டல் வெட்டி வந்து வயலில் அடிப்பார். மழை எங்கெங்கோ கழுவிக்கொண்டு வந்த மேல்மண் ஏரியின் அடியில் படிகிறது. அதை மறுபடி வயலுக்கே கொண்டு போகிறோம். "வயலிலேருந்து போனது வயலுக்கே வரணும். இல்லேன்னா அது கடன்" என்பார்.

அவர் வயலுக்கு இன்னொரு வண்டியும் வரும். அது டவுனிலிருந்து வருகிற எரு வண்டி. நகரத்துக் குப்பையையும் எடுப்புக் கக்கூசுகளில் வாரியதையும் குழியில் போட்டு மக்க வைத்த எரு. அதைக் கொண்டுவருகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. 'டவுன் வண்டி வந்துட்டுது' என்று வண்டியைத்தான் சொல்வார்கள். ஓட்டி வந்தவரைச் சொல்வதில்லை. தண்ணீர் கேட்டால் அத்தை செம்பை அவர் கையில் தரமாட்டாள். அவர் குனிந்து கைகளைக் குவித்து நிற்பார். அவள் உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவர் கொண்டு வந்த எருவில் விளைந்த கத்தரிக்காயைக் குழம்பில் போட்டுச் சாப்பிடும்போது எங்களில் யாருக்கும் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாமன் சொன்ன அந்தக் 'கடன்' என்ற பேச்சை நூறு வருஷங்களுக்கு முன்பே பாரிஸில் ஒருவர் பேசியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிஸெராப்ள்' நாவலில், கதாநாயகன் ஒருவனைத் தோளில் சுமந்துகொண்டு பாரிஸின் பாதாளச் சாக்கடையில் இறங்குகிற இடத்தில், கதையை நிறுத்திவிட்டுச் சாக்கடையைப் பற்றியே தனியாக ஒரு வியாசம் எழுதுகிறார். வருஷத்துக்கு இரண்டரைக் கோடி பிராங்க் பெறுமான உரத்தைப் பாரிஸ் நகரம் தண்ணீரில் கொட்டுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. சீனத்துக் குடியானவன் வாளி வாளியாக வயலுக்குச் சுமப்பதை ஐரோப்பா ஆற்றில் விடுகிறது என்று அவருக்கு ஆத்திரம்.

அவர் சீனத்தைப் பற்றிச் சொன்னது மிகையில்லை. 1908இல் ஷாங்காய் நகரத்தின் வெளிநாட்டார் குடியிருப்பில் 78,000 டன் மலத்தை வாரிச் செல்லும் உரிமைக்காக ஒரு சீன ஒப்பந்தக்காரர் 31,000 டாலர் தங்கமாகக் கொடுத்தார் என்று அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். ஹெச். கிங் எழுதியிருக்கிறார். நாம் காசு கொடுத்து அகற்றச் சொல்வதை அங்கே காசு கொடுத்து வாங்கினார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஆங்கில அரசு அனுப்பிய ரஸாயன அறிஞர் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில், பரூக்காபாத் நகரத்தைச் சுற்றியுள்ள வயல்கள் நகரத்து மலத்தினாலேயே செழித்திருப்பதை வியந்து எழுதினார்.

ஹ்யூகோவின் நாவல் வந்த அதே 1860களில்தான், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், புதுச்சேரிக்குக் குடிதண்ணீர் வந்தது. அது வந்தது நம் மூலக்குளத்துக்கு அருகிலுள்ள முத்திரையர்பாளையத்து ஊற்றிலிருந்து. அதன் ஞாபகமாகத்தான் கவர்னர் மாளிகைக்கு எதிரே பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. சிற்றூரின் தண்ணீர் நகரத்துக்குப் போய்விட்டது. நகரம் திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்டால், நெடுங்காலம் அந்த டவுன் வண்டி ஒன்றுதான்.

பாரிஸ், ஹ்யூகோவின் பேச்சைக் கேட்கவும் செய்தது. சில வருஷங்களுக்குள் நகரத்துச் சாக்கடை நீரை ஜென்விலியே என்ற சமவெளிக்குக் குழாயில் கொண்டுபோய் மணற்பாங்கான நிலத்தில் பாய்ச்சினார்கள். ஒன்றுக்கும் ஆகாத பூமியில் முட்டைக்கோசும் கீரையும் விளைந்தன. பிறகு இடம் போதாமல் அஷேர், பியெர்லே என்று இன்னும் தூரத்துக்குப் போனார்கள். இந்தக் கதையின் முடிவைப் பின்னால் சொல்கிறேன்.

மூட்டையில் கிடந்த கறுப்புப் பொடியின் பிறப்பிடம் மான்செஸ்டர். 1914இல் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு ரஸாயனக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். சாக்கடை நீரில் காற்றை ஊதினால் கிருமிகள் பெருகி, அழுக்கைத் தின்று, திட்டுத் திட்டாகக் கூடிக்கொள்கின்றன. ஊதுவதை நிறுத்தினால் திட்டுகள் அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. படிந்ததை எறியாமல் அடுத்த தொட்டி அழுக்கு நீரில் சேர்த்தால், வேலை பல மடங்கு விரைவாக முடிகிறது. பாலுக்கு உறை ஊற்றுகிற வித்தைதான். அத்தைக்கு இதை இப்படிச் சொன்னால் உடனே புரியும். தயிரை இதில் இழுத்ததற்காக அடிக்கவும் வருவாள்.

அந்த இருவருக்கும் யோசனை சொன்ன கில்பர்ட் பௌலர் 1916இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். நகரங்கள் வெளியேற்றும் தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்புவதே தம் வாழ்க்கையின் வேலை என்று நினைத்தவர். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்டு, நம் குடியானவர்களின் குப்பைக்குழியைக் கூர்ந்து பார்த்து ஒரு மக்குமுறையை வகுத்தார். 1931இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பெங்களூரில் 1939இல் சி. என். ஆச்சாரியா இன்னொரு முறை கண்டார். குப்பை ஓர் அடுக்கு, மலம் ஓர் அடுக்கு என்று குழியில் போட்டு மண்ணால் மூடிவிட்டால், உள்ளேயே சூடேறி ஐந்தாறு மாதத்தில் எருவாகிவிடும். நாட்டின் பல நகராட்சிகள் அதைக் கைக்கொண்டன. மாமன் வாங்கிய டவுன் எருவும் அந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் மதுரை அவனியாபுரத்தில் 1920களிலேயே சாக்கடைப் பண்ணை வந்துவிட்டது. சென்னைக்குக் கொடுங்கையூரில் இருந்தது. இரண்டிலும் பெரும்பாலும் விளைந்தது மாட்டுத் தீவனப் புல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாக்கடையில் விளைந்த கத்தரிக்காய் என்றால் வாங்கத் தயங்குகிறவர்கள், சாக்கடையில் விளைந்த புல்லைத் தின்ற மாட்டின் பாலை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்கினார்கள். நடுவில் ஒரு மாடு நின்றால் போதும், நம் மனசு சமாதானமாகிவிடுகிறது.

மாமன் மகன் சொன்னது சரிதானா? சரிதான். காய்ந்த கசட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தழைச்சத்து இருக்கும். சாதாரணத் தொழு எருவில் அரைப் பங்குதான். மணிச்சத்தும் தாராளமாக உண்டு. சாம்பல்சத்துதான் மிகக் குறைவு, ஏனென்றால் அது நீரோடு கரைந்து போய்விடுகிறது. தென்னைக்கோ எல்லாவற்றையும்விட அதிகமாக வேண்டியது அந்தச் சாம்பல்சத்துதான். ஆகவே வெறும் கசட்டை மட்டும் போட்டுவிட்டுக் காய்க்கவில்லையே என்று மரத்தைக் கோபித்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை.

அத்தையின் அருவருப்பிலும் அறிவு இல்லாமல் இல்லை. சரியாகச் செரிக்காத கசட்டில் உருண்டைப் புழுவின் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பில் ஏறும். சாக்கடைப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கொக்கிப் புழு மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததை இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆனால் இதற்குப் பரிகாரம் உண்டு. போதிய நாள் காய வைப்பது, சுண்ணாம்பு சேர்ப்பது, மக்க வைத்து 55 டிகிரிக்கு மேல் சூடேற்றி நாட்கணக்கில் நிறுத்துவது ஆகிய முறைகளை ஒழுங்காகச் செய்தால் புழுவும் கிருமியும் ஒழிந்துவிடும்.

பரிகாரமில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாரிஸ் கதையின் முடிவு அதுதான்.

நூறு வருஷம் சாக்கடை நீர் பாய்ந்த அந்தச் சமவெளிகளின் மண்ணைப் பரிசோதித்தபோது ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் மண்டிக் கிடந்தன. 1999-2000 வாக்கில் பியெர்லே பகுதியில் காய்கறிப் பயிருக்கே தடை போட்டார்கள். பாரிஸின் சாக்கடையில் பொன் இருக்கிறது என்று ஹ்யூகோ சொன்னது உண்மை. ஆனால் பட்டறைகளும் முலாம் பூசும் கடைகளும் ஆலைகளும் அதே சாக்கடையில் தங்கள் கழிவை ஊற்ற ஆரம்பித்தன. உலோகம் மக்காது, வெயிலுக்குச் சாகாது, மூடி வைத்தால் சூடேறி அழியாது. சுத்திகரிப்பு நிலையத்துக் கிருமிகளோ, அந்த உலோகத்தைத் தங்கள் மேல் ஒட்டவைத்துக்கொண்டு அடியில் இறங்குகின்றன. அதாவது, நீர் எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவுக்கு விஷம் கசட்டில் சேருகிறது.

இதனால்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகள் 1986இலும், அமெரிக்கா 1993இலும், வயலில் இடும் கசட்டில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று அளவு கட்டின. ஸ்விட்ஸர்லாந்து 2003இலிருந்து படிப்படியாகக் கசட்டுரத்தையே தடுத்துவிட்டது. அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் தடுத்தது. அங்கே காரணம் உலோகமல்ல. எண்ணெய் ஒட்டாத பாத்திரப் பூச்சு, நனையாத துணி போன்றவற்றுக்காக மனிதன் செய்த, அழியவே அழியாத சில ரஸாயனங்கள். வயல் வழியாகக் கிணற்றுக்கும் பாலுக்கும் அவை வந்துவிட்டன. வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஊர்களின் குரோமியத்தை அறிந்த நமக்கு இது தூரதேசத்துச் செய்தி அல்ல.

இங்கேதான் நம் கணக்கு தலைகீழாகிப் போயிருப்பதை நான் பார்க்கிறேன். மாமன் காலத்து வண்டியில் வந்தது மனிதன் சாப்பிட்டு மிஞ்சியது, மண்ணிலிருந்து வந்தது, மண் அதை அறியும். அதைக் கொண்டுவந்த மனிதரைத் தீண்டத் தகாதவர் என்றோம். இன்று விஷத்தைக் குழாயில் ஊற்றுகிறவர் சுத்தமான சட்டை போட்டிருக்கிறார். அவரை நாம் எழுந்து நின்று வணங்குகிறோம். அழுக்கைச் சுமந்தவர் மேல் பழி; அழுக்கை அனுப்பியவருக்கு மரியாதை. ஆயிரம் வருஷத்துப் பழக்கம், குழாய் வந்த பிறகும் மாறவில்லை.

புதுச்சேரியில் இப்போது லாஸ்பேட்டை, துப்ராயப்பேட்டை, கனகன் ஏரி என்று மூன்று இடங்களில், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் லிட்டரைக் கையாளும் அளவுக்குச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். காற்று ஊதுவது, படிய விடுவது, வடிப்பது எல்லாம் ஒரே தொட்டியில் முறை வைத்து நடக்கின்றன. மான்செஸ்டர் வித்தையின் பேரப்பிள்ளை.

குழாய் போட்டுவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2024 ஜூன் 11ஆம் தேதி, மூலக்குளத்துக்கு அடுத்த ரெட்டியார்பாளையத்துப் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வந்து மூன்று பேரைக் கொன்றது. மூவரும் பெண்கள், ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சிறுமி. அன்று என் மாமன் மகன் தன் வீட்டுக் கழிப்பறைக் கதவைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு இரண்டு நாள் பக்கத்து ஊர் உறவினர் வீட்டில் இருந்தான். இப்படிப்பட்ட வாயுவுக்குள் காலங்காலமாக இறங்கிச் செத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு மனிதர்கள். அதனால் அது நமக்குச் செய்தியாகவே இருந்ததில்லை. மலத்தைக் கையால் அள்ளும் வேலைக்கு மனிதரை வைப்பதை 1993லேயே சட்டம் தடுத்தது. 2013இல் இன்னும் கடுமையாகத் தடுத்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. சாவுக்கு விலை கூட்ட வேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற ஊரைக் கடப்பார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூர்களில் வீட்டுக் கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரிகள் இரவோடு இரவாக வாய்க்காலிலும் பொட்டலிலும் கொட்டுவது வழக்கமாக இருந்தது. கருங்குழியில் 2017இல், தமிழ்நாட்டிலேயே முதலாவதாக, அந்தக் கழிவுக்கென்று தனி நிலையம் அமைத்தார்கள். லாரி அங்கே வந்து இறக்க வேண்டும். கசடு தனியே காய்கிறது. நீர் தனியே வடிகிறது. வீட்டுத் தொட்டிக் கழிவில் ஆலைக் கழிவு கலக்க வழி குறைவு. பெரிய நகரத்துச் சாக்கடைக் கசட்டைவிட இதை மண்ணுக்குத் தருவதில் பயம் குறைவு என்று இதனால்தான் தோன்றுகிறது.

சரி, தீர்ப்பு. போன வாரம் மாமன் மகனோடு தொலைபேசியில் பேசினேன்.

"மூட்டையைப் போடாதே" என்றேன். "அத்தை சொல்கிற காரணத்துக்காக இல்லை. அது எங்கேயிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ச் சாக்கடை, அதில் எந்தப் பட்டறைத் தண்ணீர் விழுகிறது, பரிசோதனை பண்ணின சீட்டு உண்டா, எத்தனை நாள் காய்ந்தது? இதற்கெல்லாம் பதில் சொல்லி ஒருவர் கையெழுத்துப் போட்டால், தென்னைக்குத் தாராளமாகக் குழி எடுத்துப் போட்டு மண்ணை மூடு; கூடவே சாம்பலும் போடு. காலிலே செருப்பும் கையிலே உறையும் இருக்கட்டும். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்."

"லாரிக்காரரைக் கேட்டேன் அத்தான். சீட்டுக் கேட்டதிலேருந்து அவர் இந்தப் பக்கமே வரலை" என்றான்.

பிறகு அத்தை பேசினாள். வழக்கில் ஜெயித்துவிட்ட சந்தோஷம் குரலில் தெரிந்தது. இந்தக் கட்டுரை எழுதுவதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "அத்தை, அந்தக் காலத்திலே டவுன் வண்டி ஓட்டிக்கிட்டு வருவாரே, அவர் பேரு என்ன?" என்று கேட்டேன்.

நெடுநேரம் சத்தமில்லை. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இருபது வருஷம் வந்தார். நான் கேட்டதே இல்லையே, தம்பி" என்றாள்.